பதின்வயதுப் பிள்ளையை ஸ்டூடியோவில் நீங்களே படம் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வன்னியில் ஸ்டூடியோவுக்கு வருகிற பெற்றோர் சிலர் இப்போது சொந்தக் கமராவோடுதான் வருகிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா அனுப்பியதாக இருக்கும்; இல்லாவிட்டால் நல்லதொரு போன். "இடத்தையும் லைற்றையும் தாங்கோ, பிள்ளையை நான் எடுக்கிறன்" என்று ஒரு மணித்தியாலத்துக்குக் கேட்பார்கள். நல்ல விசயம்தான். ஆனால் பதின்வயதுப் பிள்ளை சின்னக் குழந்தை மாதிரிக் கமராவை மறந்து நிற்காது. தன் முகம் எப்படி வருகிறது என்ற யோசனை அந்த வயதில் மிக அதிகம். ஸ்டூடியோ லைற்றும் வெளி வெயிலைப் போல நடந்துகொள்ளாது. இரண்டும் சேர்ந்தால், ஆசையாக வந்தவர்கள் ஆளோடு ஆள் கதைக்காமல் வீட்டுக்குப் போக நேரும்.

பெரிய தவறிலிருந்தே தொடங்குகிறேன்: பெற்றோர் தங்கள் ஏக்கத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது. போரால் 2008 இறுதியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்து, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெறுங்கையோடு வந்த சனத்தில் அல்பத்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர்கள் குறைவு. "பதினைஞ்சு வயசில நீங்கள் எப்பிடி அம்மா இருந்தனீங்கள்?" என்று மகள் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு படமும் இல்லாத தாய்மார் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். அதனால் பிள்ளைக்கு அந்த வயது வந்ததும், தங்களுக்கு இல்லாமற்போனதை எல்லாம் ஒரே நாளில் எடுத்துவிட நினைக்கிறார்கள். சீருடையில் கொஞ்சம், சாறியில் கொஞ்சம், பஞ்சாபியில் கொஞ்சம், ஜீன்ஸில் கொஞ்சம். இந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் மூன்றாவது உடுப்பு மாற்றி வரும்போது பிள்ளை களைத்துப்போய்விடும். அந்தக் களைப்பை எந்த லைற்றும் மறைக்காது. இரண்டு உடுப்புக் காணும். ஒன்றை நீங்கள் தெரிவு செய்யுங்கள், மற்றதைப் பிள்ளை தெரிவு செய்யட்டும். அது கழுவிக் கழுவி வெளிறிப்போன ரீ-சேட் என்றாலும் விடுங்கள். பிற்காலத்தில் அந்த வயதை நினைக்கும்போது ஞாபகம் வரப்போவது அந்த ரீ-சேட்டாகவும் இருக்கலாம்.

அடுத்தது கூட்டம். அம்மா கமராவோடு நிற்பார். மாமி கதிரையில் இருந்து "தலைமயிரை முன்னுக்கு விடு" என்பார். லண்டனில் இருக்கிற பெரியம்மா வீடியோ அழைப்பில் "நிமிர்ந்து நிக்கச் சொல்லுங்கோ" என்பார். போனைப் பிடித்துக்கொண்டிருக்கிற தம்பி பின்னால் நின்று சிரிப்பான். இத்தனை கண்ணுக்கு முன்னால் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் தோள் இறுகாமல் என்ன செய்யும்? உள்ளே எடுப்பவரும் பிள்ளையும் இருந்தால் போதும். உதவிக்கு ஒருவர் வேண்டுமென்றால், யார் என்று பிள்ளையே சொல்லட்டும். பெரியம்மாவுக்குப் படங்களைப் பிறகு அனுப்பலாம்.

"சிரியன் பிள்ளை, ஏன் மூஞ்சையை உம்மெண்டு வைச்சிருக்கிறாய்?" இந்த வசனத்தைக் கேட்டுச் சிரித்த பிள்ளையை நான் காணவில்லை. சொல்லிச் சிரிக்க வைத்தால் வாய் விரியும், கண் அப்படியே இருக்கும். மனம் வந்து சிரிக்கும்போதுதான் கன்னம் மேலே ஏறிக் கண்ணோரம் சுருங்கும். அதற்குக் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். வலைப்பந்து விளையாடுகிற மகள் என்றால் பந்தைக் கொடுத்து, கடைசியாக விளையாடிய மட்சில் என்ன நடந்தது என்று கேளுங்கள். மிருதங்கம் பழகுகிற மகன் என்றால் வாசிக்க விடுங்கள். சிரிக்காவிட்டாலும் குறையில்லை, சில பிள்ளைகளுக்கு அமைதியான முகம்தான் சொந்த முகம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. லைற்றைச் சரிபார்க்கும்போது பிள்ளையை நிறுத்தி வைக்காதீர்கள். நீங்கள் போய்க் கதிரையில் இருங்கள், கமராவைப் பிள்ளையிடம் கொடுங்கள். மூன்று நான்கு படம் உங்களை எடுக்கட்டும். லைற் எங்கே விழுகிறது என்பது தெரிந்துவிடும், பிள்ளையின் பதற்றமும் போய்விடும். கமராவுக்கு முன்னால் இருப்பது எவ்வளவு கூச்சம் என்பது உங்களுக்கும் விளங்கும், அதற்குப் பிறகு நீங்கள் போடுகிற சத்தம் தானாகக் குறையும். உங்கள் படமும் வீட்டில் ஒன்று சேரும்.

சரி, இனிக் கமராப் பக்கம் வருவோம். அதிகம் நடக்கிற பிழை, கிட்டப் போய் எடுப்பது. போனின் சாதாரண லென்ஸ் அகலமான லென்ஸ். அதைக் கொண்டு அரை மீற்றர் தூரத்தில் முகத்தை எடுத்தால் மூக்குப் பெரிதாகவும் காது சிறிதாகவும் வரும். பிள்ளை பார்த்துவிட்டு "நான் வடிவில்லை" என்று நினைத்துக்கொள்ளும், பிழை தூரத்தினுடையது. குறைந்தது ஒன்றரை அல்லது இரண்டு மீற்றர் தள்ளி நின்று, போன் என்றால் இரண்டு மடங்கு சூமில் எடுங்கள். கமராவோடு வருகிற 18–55 லென்ஸ் என்றால் 55 பக்கத்துக்குத் திருப்புங்கள். 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. கமரா பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். உயரமான அப்பா நின்றபடி எடுத்தால் மகன் சின்னப்பிள்ளை மாதிரித் தெரிவான். ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்து எடுங்கள்.

போனில் எடுப்பவர்கள் ஸ்டூடியோ பிளாஷை நம்ப வேண்டாம்; போன் அதோடு சேர்ந்து வேலை செய்யாது. தொடர்ந்து எரிகிற எல்ஈடி லைற் இருக்கிறதா என்று கேளுங்கள். பிளாஷோடு கமராவில் எடுப்பவர்கள் ஒட்டோவில் விடாமல் மனுவலுக்கு மாற்ற வேண்டும். ஷட்டர் (வெளிச்சம் உள்ளே போகிற நேரம்) 1/125 செக்கன், ஐ.எஸ்.ஓ. (கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) 100, அப்பச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) எஃப் 5.6இலிருந்து எஃப் 8 வரை. பெரும்பாலான கமராக்களில் ஷட்டர் 1/200 அல்லது 1/250ஐத் தாண்டினால் சாதாரண ஸ்டூடியோ பிளாஷ் முழுப் படத்திலும் விழாது, ஒரு பக்கத்தில் கறுப்புப் பட்டை வரும். பின்னணி மங்கினால் அழகு என்று துவாரத்தை அகலத் திறந்து எஃப் 1.8இல் எடுப்பவர்களும் உண்டு. கிட்ட நின்று அப்படி எடுத்தால் ஒரு கண் கூராகவும் மற்றக் கண் மங்கலாகவும் போகும். ஸ்டூடியோவில் பின்னணி ஏற்கெனவே வெறுமையாகத்தான் இருக்கிறது, மங்க வைக்கத் தேவையில்லை.

மேலே எரிகிற ரியூப்லைற்றை அணைத்துவிடுங்கள். எல்ஈடியில் எடுக்கும்போது இரண்டு வெளிச்சமும் கலந்தால் கன்னத்தில் ஒரு நிறம், கழுத்தில் இன்னொரு நிறம் வரும். சுவருக்குப் பச்சை பெயின்ற் என்றால் பிள்ளையை அதிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், அந்தப் பச்சை கன்னத்தில் ஏறும். பூந்தோட்டமும் மாடிப்படியும் அச்சடித்த பின்திரையைவிட ஒரே நிறத் துணி நல்லது. பின்திரைக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒன்றரை மீற்றர் இருந்தால் நிழல் பின்னால் ஒட்டாது.

இரண்டு பக்கமும் ஒரே அளவு லைற் வைப்பது பலருக்குப் பழக்கம். அடையாள அட்டைப் படத்துக்கு அது சரி. முகத்தின் மேடு பள்ளம் தெரிய வேண்டுமென்றால் ஒரு லைற் போதும். சொப்ட்பொக்ஸை (முன்னால் வெள்ளைத் துணி போட்ட லைற் பெட்டி) பிள்ளையின் முகத்திலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில், ஒரு பக்கமாக, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். மற்றப் பக்கத்தில் ஒரு வெள்ளை ரெஜிபோம் மட்டையை நிறுத்தினால் நிழல் அளவாகக் குறையும். லைற்றைத் தூரத்தில் வைத்தால் மென்மையாக இருக்கும் என்று நினைப்பது பிழை. முகத்திலிருந்து பார்க்கும்போது லைற் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவுக்குத்தான் நிழல் மென்மையாகும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சமும் காற்பங்காகிவிடும். கண்ணாடி போடுகிற பிள்ளை என்றால் கழற்றச் சொல்லாதீர்கள், அதுவும் அந்த முகத்தின் பகுதிதான். லைற்றைக் கொஞ்சம் உயர்த்தினால் கண்ணாடியில் விழுகிற மினுக்கம் போய்விடும்.

இனி, எனக்கு மனம் மிகவும் நோகிற தவறு. திரையில் முதற் படத்தைப் பார்த்தவுடன், பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே, "கறுப்பாத் தெரியிறாள், கொஞ்சம் வெளுக்கப் பண்ணுங்கோ" என்பார்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வெயிலில் ஓடிப் பழகி, கப் வாங்கி வந்த பிள்ளையாக இருக்கும் அது. அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு எந்தப் படத்திலும் அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்காது.

படக்கணக்கிலும் அது பிழை. முகத்தை வெளுக்க வெளிச்சத்தைக் கூட்டினால் முதலில் அழிவது வெள்ளைச் சீருடை. பிறகு நெற்றி, மூக்கு நுனி. அங்கே இருந்த விபரம் போனால் கொம்பியூட்டரிலும் திரும்பி வராது. கறுத்த தோல் பெரிய மென்மையான லைற்றைப் பக்கவாட்டில் வாங்கும்போது கன்னத்து எலும்பிலும் மூக்கு ஓரத்திலும் ஒரு பளபளப்பு எழும்பும். முகத்தை முகமாகக் காட்டுவது அந்தப் பளபளப்புத்தான், அதைச் சுண்ணாம்பு பூசினது மாதிரி ஆக்கிவிடாதீர்கள். அளவு சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி: படத்தைப் பெரிதாக்கி, வெள்ளைச் சேட் பொக்கற்றின் தையலைப் பாருங்கள். நூல் தெரிந்தால் வெள்ளை எரியவில்லை, விபரம் அப்படியே இருக்கிறது. தையலும் தெரிகிறது, கண்ணின் கருமணியைச் சுற்றியுள்ள மண்ணிறமும் தெரிகிறது என்றால் இரண்டுக்கும் போதுமான அளவு வெளிச்சம் அதுதான், பிறகு கை வைக்க வேண்டாம். தையல் தெரிகிறது, ஆனால் முகம் இருட்டு என்றால் பிளாஷைக் கூட்டாமல் ரெஜிபோம் மட்டையைக் கிட்டக் கொண்டுவாருங்கள். எல்ஈடியில் ஒட்டோவாக எடுப்பவர்களுக்கு இன்னொரு விசயம். முன்னால் நிறைய வெள்ளை இருந்தால் கமரா படத்தை இருட்டாக்கும், கறுப்புத் திரை நிறைந்திருந்தால் முகத்தை எரிக்கும். அது கமராவின் கணக்கு, பிள்ளையின் நிறத்தில் ஒரு பிழையும் இல்லை.

முகத்துக்குப் பவுடர் அப்புவதும் இதே மாதிரித் தவறுதான். வெறும் கண்ணுக்குத் தெரியாத பவுடர் பிளாஷில் சாம்பல் நிறமாகத் தெரியும். எங்கள் வெக்கைக்கு வியர்க்கும்தான்; ரிசுவால் ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்க வேண்டாம். பரு இருந்தால் அதைப் பற்றிப் பேசாமல் எடுங்கள். பிறகு திருத்தும்போது, இரண்டு கிழமையில் தானாக மாறக்கூடியதைப் பிள்ளை கேட்டால் மட்டும் எடுத்துவிடலாம். மச்சம், சைக்கிளால் விழுந்த தழும்பு, பல்லின் இடைவெளி இவற்றை அப்படியே விடுங்கள்.

அடையாள அட்டைப் படத்தையும் இதே நேரத்தில் எடுத்து முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 15 வயது நிறைந்த பிள்ளைக்குத் தேசிய அடையாள அட்டை எடுக்க வேண்டும், அதற்கான படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவுசெய்த ஸ்டூடியோதான் எடுக்க வேண்டும். அதற்கு அசையாமல், சிரிக்காமல், நேரே பார்க்க வேண்டும். அந்த விறைப்பு ஏறிய பிள்ளையை உடனே இளக வைப்பது கஷ்டம். அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த படத்தைப் பேஸ்புக்கில் போட முன்னர் பிள்ளையிடம் கேளுங்கள், மாட்டேன் என்றால் விடுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் படங்களை எடுத்துப் போலிக் கணக்குத் திறக்கிறவர்கள் இருக்கிற காலம் இது. பிள்ளையின் பயத்தைச் சின்ன விசயமாக நினைக்க வேண்டாம்.

கடைசித் தவறு, படத்தைப் போனிலேயே விட்டுவிடுவது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தி இருந்ததை எல்லோரும் கண்டோம். சிலர் கையில் இருந்தது மிகச் சின்னப் படம் ஒன்றைப் பெருப்பித்தது. முகம் கரைந்துபோய் இருந்தது. சின்னப் படத்தைப் பெருப்பித்தால் அதில் இல்லாத விபரம் வராது. அதனால் படத்தின் முழு அளவுப் பைலை வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், டொக்கியூமென்றாக அனுப்புங்கள். 8க்கு 12 அங்குலத்தில் நன்றாக அச்சடிக்க 2400க்கு 3600 பிக்சல் வேண்டும், இப்போதைய எந்தக் கமராவுக்கும் அது கஷ்டமில்லை. பென்டிரைவில் ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை மறக்க வேண்டாம்.

அச்சடித்த படத்தின் பின்னால் பென்சிலால் பெயர், திகதி, இடம் எழுதுங்கள். பேனை மை முன்பக்கம் ஊறலாம். பிரேம் போடும்போது படம் கண்ணாடியோடு நேரே முட்டாமல் இடையில் மவுண்ட் மட்டை வைக்கச் சொல்லுங்கள். மாரி ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிறகு கிழிக்காமல் எடுக்க முடியாது.