சளிக்காய்ச்சல் பரவும்போது நாம் செய்யும் தவறுகள்

2025 பொங்கலுக்குச் சில நாள் முன்பு, பெங்களூரில் இரண்டு கைக்குழந்தைகளுக்கு எச்.எம்.பி.வி. என்ற சளிக்காய்ச்சல் வைரஸ் என்று செய்தி வந்தது. அடுத்து சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர். பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவில், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கும் நமக்குப் பயம் வந்தது இயல்புதான். ஆனால் சீனாவில் புதிதாகக் கிளம்பிய வைரஸ் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது தவறு. 2001இலேயே நெதர்லாந்தில் கண்டுபிடித்த வைரஸ் அது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்குள் ஒருமுறையாவது வந்துபோகிறது.

என்ன வைரஸ் என்று தேடிக்கொண்டே இருந்துவிட்டு, பிள்ளை எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்காமல் விடுகிறோம். என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய தவறு. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த அளவையோ அதற்கு மேலோ தொட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமல் திணறினாலும், உதடு நீலம் பூத்தாலும் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

அப்புறம், மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. 'ஒரு ஊசி போட்டுவிடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்' என்று டாக்டரை நெருக்குவதும் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆவி பிடிப்பதையும் விடுங்கள். கொதிநீர் கொட்டி வெந்துபோவதுதான் மிச்சம்.

ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்கள் சனிக்கிழமை ஊருக்கு வருகிறார்கள். இருமலோடு வந்திருந்தால் கைக்குழந்தையைக் கொஞ்சுவதை ஒரு வாரம் தள்ளிப்போடலாம், வயதானவர்கள் பக்கத்தில் மாஸ்க் போடலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிருக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் படுப்பார்கள். பகலிலாவது திறந்து வையுங்கள்.

வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களில் 'விடியட்டும் பார்க்கலாம்' என்று காத்திருப்பது ஆபத்து. சந்தேகம் இருந்தால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணில் கேளுங்கள், மூச்சுத் திணறினால் 108ஐக் கூப்பிடுங்கள். மாலையிலேயே மூச்சு வேகமாகத் தெரிந்தால் இருட்டுவதற்கு முன்பே கீழே இறங்கிவிடுங்கள்.