அன்சிபிளில் மாறியை நிபந்தனையாக வைப்பது: ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்தும் பணி ஏன் ஓடுகிறது?

சர்வர்களைத் தானாக அமைக்க உதவும் கருவி அன்சிபிள். அது செய்ய வேண்டிய பணிகளை வரிசையாக எழுதிய கோப்பு பிளேபுக். ஒரே பிளேபுக்கைச் சோதனைச் சர்வரிலும் பயன்பாட்டுச் சர்வரிலும் ஓட்டும்போது, எந்தப் பணி எங்கே நடக்க வேண்டும் என்பதை ஒரு மாறியின் மதிப்பைக் கொண்டு தீர்மானிக்கலாம். அன்சிபிளில் அதற்கு உதவுவது ‘வென்’ என்னும் திறவுச்சொல். ஏற்கெனவே ஓரிரு பிளேபுக்குகளை ஓட்டிப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். திறவுச்சொற்களை இங்கே ஒலிப்பின்படி தருகிறேன். கோப்பில் ஆங்கில எழுத்துகளில்தான் எழுத வேண்டும்.

படி 1: ரோலின் (ஒன்றாகத் தொகுத்த பணிகளும் கோப்புகளும்) ‘டிஃபால்ட்ஸ்’ கோப்பில் மாறியை அறிவியுங்கள். ‘ரீஸ்டார்ட்_டிபி: ஃபால்ஸ்’ என்று, மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் அது பூலியன் (மெய் அல்லது பொய்) மதிப்பாகப் பதிவாகும். மாறியைப் பிளேபுக்கின் நடுவிலும் அறிவிக்கலாம் என்றாலும், பின்னால் தேடும்போது எளிதில் கிடைப்பதால் டிஃபால்ட்ஸ் கோப்பையே நான் விரும்புகிறேன்.

படி 2: பணியின் கீழே ‘வென்: ரீஸ்டார்ட்_டிபி | பூல்’ என்று எழுதுங்கள். ‘| பூல்’ என்பது மதிப்பைப் பூலியனாக மாற்றும் வடிகட்டி. வென் வரி மாட்யூலின் (பணியைச் செய்யும் நிரல் கூறு) பெயருக்கு நேராக இருக்க வேண்டும். அதன் உள்ளே தள்ளி எழுதினால் மாட்யூலின் அளவுருவாகக் கருதப்பட்டுப் பிழை வரும். வென் வரியை அன்சிபிள் நேரடியாகவே ஜின்ஜா (அன்சிபிள் பயன்படுத்தும் வார்ப்புரு மொழி) கோவையாக மதிப்பிடுவதால், மாறியைச் சுற்றி இரட்டை நெளிவு அடைப்புக்குறி இடக் கூடாது.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். என் பிளேபுக்கில் ‘| பூல்’ இல்லாமல் வெறும் மாறியின் பெயர் மட்டுமே இருந்தது. நெடுநாள் ஒழுங்காக ஓடிய அது, அன்சிபிளின் பதிப்பை உயர்த்திய பிறகு, கட்டளை வரியில் ‘-இ’ தெரிவுடன் ‘ரீஸ்டார்ட்_டிபி=ஃபால்ஸ்’ என்று தெளிவாகக் கொடுத்தும் தரவுத்தளத்தை மறுதொடக்கம் செய்துவிட்டது. சமக்குறி வடிவில் கட்டளை வரியில் தரப்படும் மதிப்பு எப்போதும் சரமாகவே (எழுத்துத் தொடராகவே) உள்ளே போகிறது என்பதும், வெறுமையாக இல்லாத எந்தச் சரமும் மெய்யாகவே கொள்ளப்படும் என்பதும் அதற்குக் காரணம். பழைய பதிப்புகள் இயல்பமைப்பில், வென் வரியில் தனித்து நிற்கும் மாறிக்குள் இருக்கும் சரத்தை மீண்டும் ஒருமுறை மதிப்பிட்டதால் இந்தப் பிழை வெளியே தெரியவில்லை, பின்னர் வந்த பதிப்புகளில் அந்த இயல்பமைப்பு மாறியது. 2.19 முதல், நிபந்தனையின் விடை பூலியனாக இல்லாவிட்டால் அன்சிபிள் பிழை காட்டி நின்றுவிடுகிறது. இந்தக் கண்டிப்பை நான் மனமார வரவேற்கிறேன்.

ஐயம் வந்தால் ‘டீபக்’ மாட்யூலில் மாறியை ‘டைப்_டீபக்’ வடிகட்டியின் வழியாக அச்சிட்டு, அது சரமா பூலியனா என்று பாருங்கள். ‘-இ’ தெரிவில் ஜேசன் என்னும் தரவு வடிவில் மதிப்பைக் கொடுத்தால் வகை மாறாமல் போய்ச் சேரும். ஆனால் ஓட்டுபவர் எல்லோரும் அதை நினைவில் வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. பூல் வடிகட்டியைப் பணியிலேயே எழுதிவைப்பதுதான் பாதுகாப்பு. மாறி எங்கும் அறிவிக்கப்படாமல் போக வாய்ப்பிருந்தால், பூலுக்கு முன்னால் ‘டிஃபால்ட்(ஃபால்ஸ்)’ சேருங்கள்.

படி 4: ஒரு பணியின் விளைவை ‘ரெஜிஸ்டர்’ மூலம் மாறியில் பிடித்து, அதையே அடுத்த பணிக்கு நிபந்தனையாக வைக்கலாம். முதல் பணி தவிர்க்கப்பட்டாலும் அந்த மாறி உருவாகிவிடும் என்பதால், ‘இஸ் டிஃபைண்ட்’ என்று சோதிப்பது பயன் தராது. மாறி இருக்கும், ஆனால் கட்டளையின் வெளியேற்றக் குறியீடான ‘ஆர்சி’ அதற்குள் இராது. முதலில் ‘இஸ் நாட் ஸ்கிப்ட்’ என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியில் ஆர்சி சுழியமா என்று பாருங்கள். வென்னின் கீழே பட்டியலாக எழுதும் நிபந்தனைகள் அனைத்தும் மெய்யானால்தான் பணி ஓடும்.

பிற்சேர்க்கை: இயங்குதளத்தின் பதிப்பு எண்ணை 9உடன் ஒப்பிடும் நிபந்தனை பிழை தருவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அன்சிபிள் திரட்டித் தரும் முதன்மைப் பதிப்பு எண்ணும் சரமே. ‘| இன்ட்’ சேர்த்து எண்ணாக மாற்றிய பிறகு ஒப்பிட வேண்டும். புள்ளிகளுடன் வரும் முழுப் பதிப்பாக இருந்தால் இன்ட் உதவாது. அங்கே ‘வெர்ஷன்’ சோதனையைப் பயன்படுத்துங்கள்.