மலிவு ஓட்டலா, நடுத்தர ஓட்டலா: கணக்குப் போடும் முறை

முதலில் தெரியும் வாடகையை நம்பாதீர்கள். வரி, காலை உணவு, பார்க்கிங், வேலை இடத்துக்குப் போய்வரும் டாக்ஸிச் செலவு எல்லாம் கூட்டி, ஓர் இரவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஹாம்ப்டன், ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் போன்ற ஓட்டல் தொடர்களில் பொதுவாகக் காலை உணவு வாடகையிலேயே அடங்கும்; ஐபிஸ் தொடரில் பெரும்பாலும் தனிக் கட்டணம். கூட்டிப் பார்த்தால் மலிவானது மலிவாக இல்லாமலும் போகலாம்.

அடுத்து, பெயரைவிடக் கட்டடம் முக்கியம். பல கிளைகள் ஃப்ரான்சைஸ், அதாவது நிறுவனத்தின் பெயரை வைத்து வேறொருவர் நடத்துபவை. உரிமையாளர் ஒவ்வொருவரும் வேறு. அதனால் அந்தக் கிளையின் கடைசி 3 மாத விமர்சனங்களை மட்டும் எடுத்து, சத்தம், வெந்நீர், வைஃபை, ஏசி என்று தேடிப் படியுங்கள். எப்போது புதுப்பித்தார்கள் என்று போனில் கேட்டுவிடுங்கள். புதுப்பித்த மலிவு ஓட்டல், பராமரிப்பில்லாத நடுத்தர ஓட்டலைவிட எவ்வளவோ மேல்.

ஓட்டல் நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் பாயின்ட் சேர்ப்பவர்கள் அந்த நிறுவனத்திடமே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். இடைத்தரகுத் தளங்களில் பதிவு செய்தால் ஹில்டன், மேரியட் போன்றவை பொதுவாகப் பாயின்ட் தருவதில்லை. பயணத் தேதி மாறக்கூடுமென்றால், ரத்து செய்ய முடியாத சலுகை விலையைத் தொடவே வேண்டாம்.

நள்ளிரவில் வந்து விடியலில் கிளம்புவதானால் மலிவே போதும். அறையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டுமா? மேசையும் நல்ல நாற்காலியும் படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். மலிவு அறைகளில் அவை இல்லாமலும் இருக்கலாம். எங்கே தங்கினாலும் லிஃப்டுக்குத் தள்ளி அறை கேளுங்கள்.