பட்டியல் முழுக்கப் பச்சை, கருவி மட்டும் தோல்வி: தேவைகளைச் சோதிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனை வார்டு ஒன்றில் செவிலியர் ஒருவர் எங்கள் இன்ஃபியூஷன் பம்பின் (குழாய் வழியே நோயாளிக்கு மருந்தை அளவோடு செலுத்தும் கருவி) திரையை மூன்றாவது முறையாக அழுத்திக்கொண்டிருந்தார். கையில் ரப்பர் கையுறை. அதன்மேல் அப்போதுதான் தடவிய கிருமிநாசினி இன்னும் காயவில்லை. திரை அசையவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் அழுத்தினார்; உடனே வேலை செய்தது. "ஈரம் காயும்வரை நிற்க எங்களுக்கு நேரம் ஏது சார்?" என்றார்.

என் மடிக்கணினியில் இருந்த தேவைப் பட்டியலில், அதாவது கருவி என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த பட்டியலில், அந்த வரி பச்சையாக, தேறியதாக இருந்தது: 'கையுறை அணிந்த விரலால் திரையை இயக்க முடிய வேண்டும்.' மூன்று வகைக் கையுறைகளை மாட்டி, நூறு முறை அழுத்திப் பார்த்துத் தேர்ச்சி போட்டவன் நான்தான். மூன்றும் உலர்ந்த கையுறைகள்.

எழுதியபடி செய்தோமா என்பது ஒரு கேள்வி. எழுதியதே சரியா, பயன்படுத்துகிறவருக்கு அது உதவுகிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதை வெரிஃபிகேஷன் என்றும் இரண்டாவதை வேலிடேஷன் என்றும் தொழிலில் சொல்கிறோம். இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்து ஒரே டிக் அடித்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஆய்வக மேசைச் சோதனை முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். அந்த வார்டிலிருந்து திரும்பிய வாரமே எங்கள் அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டோம். யார், எந்த இடத்தில், எந்த நிலையில் பயன்படுத்திப் பார்த்தார் என்று எழுதாமல் இரண்டாவது கட்டத்தை நிரப்ப முடியாது.

பழைய பொருளின் தேவைகளை அப்படியே எடுத்துக்கொள்வது

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. முதன்மை எஞ்சினின் இயக்கம் தொடங்கிய சுமார் 37 நொடியில், ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் கணித்துச் சொல்லும் கருவி செயலிழந்தது. திசை தவறிய ராக்கெட் வானிலேயே உடைந்து சிதறியது. உள்ளே இருந்த நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அதோடு போயின.

அந்தக் கருவியின் மென்பொருள் ஏரியான் 4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. அங்கே குறையின்றி ஓடியது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் எண்ணிலிருந்து, மிகக் குறைந்த எல்லை கொண்ட 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் அதில் ஒன்று உண்டு. ஏரியான் 4 பறக்கும் பாதையில் அந்த மதிப்பு 16 பிட்டுக்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டு, அங்கே பாதுகாப்பு எதுவும் வைக்கவில்லை. ஏரியான் 5-இல் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாகக் கூடியது. எண் எல்லையைத் தாண்டியது, கருவி நின்றது. ஒன்று பழுதானால் கைகொடுக்க வைத்திருந்த மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள்தான். அது கண்ணிமைக்கும் நேரம் முன்னதாகவே நின்றுபோயிருந்தது.

இதில் என் மனத்தை அறுப்பது ஒன்று உண்டு. எண் எல்லை தாண்டிய அந்தக் கணக்கு, ராக்கெட் தரையை விட்ட பிறகு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லை. ஏரியான் 4-இல் கவுண்ட்டவுன் கடைசி நொடிகளில் நிறுத்தப்பட்டால் விரைவாக மறுபடி தொடங்குவதற்காக, கிளம்பிய பின்னும் சுமார் 40 நொடி அந்தக் கணக்கை ஓடவிட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் ஏவல் முறை வேறு. தேவை செத்துப்போய்விட்டது, ஆனால் பட்டியலிலிருந்து அதை யாரும் எடுக்கவில்லை.

ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு கண்டறிந்தது இது: ஏரியான் 5-இன் பறக்கும் பாதை பற்றிய தரவு அந்தக் கருவியின் தேவைப் பட்டியலில் சேர்க்கப்படவே இல்லை. முழு அமைப்பையும் சேர்த்து ஓட்டிய சோதனையிலும் உண்மைக் கருவி இல்லை; அதன் வெளியீட்டைப் போலச் செய்யும் மென்பொருளே இருந்தது. விபத்துக்குப் பிறகு உண்மையான பாதைத் தரவைக் கொடுத்து அந்த மென்பொருளைத் தரையில் ஓட்டிப் பார்த்தபோது அதே தோல்வி வரிசை பிசகாமல் வந்தது. அந்தச் சோதனையை முன்பே செய்திருக்கலாம்.

ஆகவே 'முந்தைய மாடலில் நிரூபிக்கப்பட்டது' என்ற குறிப்போடு ஒரு வரி வந்தால், முந்தைய மாடல் எந்த எல்லைகளுக்குள் நிரூபிக்கப்பட்டது என்று கேளுங்கள். வேகம், வெப்பம், மின்னழுத்தம், இயக்குகிறவரின் பயிற்சி என எல்லைகளைப் பழையது, புதியது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே ஓர் எல்லை மாறியிருந்தாலும் பழைய தேர்ச்சி செல்லாது. அதோடு, இந்தத் தேவை இப்போதும் யாருக்காவது வேண்டுமா என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரணத்தை எழுதாமல் விடுவது

நாசாவின் ஆளில்லா விண்கலமான மார்ஸ் போலார் லேண்டர் 1999 டிசம்பர் 3 அன்று செவ்வாயில் இறங்கும்போது காணாமல் போனது. இறங்கும் கட்டத்தில் அது தகவல் எதுவும் அனுப்பவில்லை என்பதால் விசாரணைக் குழு 'பெரும்பாலும் இதுவே காரணம்' என்ற அளவில்தான் சொன்னது. ஆனால் அந்தக் காரணம் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது.

லேண்டருக்கு மூன்று கால்கள். ஒவ்வொன்றிலும் தரையைத் தொட்டதும் சமிக்ஞை தரும் உணரி. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மடங்கியிருந்த கால்கள் வெடுக்கென்று விரியும். அந்த அதிர்விலேயே உணரிகள் 'தொட்டாயிற்று' என்று ஒரு கணம் பொய்ச் சமிக்ஞை தரக்கூடும். மென்பொருள் அதை நினைவில் வைத்துக்கொண்டது. 40 மீட்டர் உயரத்தில் உணரிகளின் பேச்சைக் கேட்கத் தொடங்கியதும் பழைய பொய்யை நம்பி எஞ்சின்களை அணைத்தது.

பொய்ச் சமிக்ஞை வரும் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே வந்த பிறகே உணரித் தரவைப் பயன்படுத்த வேண்டும் என்று மேல்மட்டத் தேவைப் பட்டியல் சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை. கால் விரிவதைப் பற்றியோ பொய்ச் சமிக்ஞையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. மென்பொருளை எழுதியவர்கள் அந்த உயரம்வரை தரவைப் பயன்படுத்தவில்லை. ஆனால் முன்பே வந்ததை அழிக்கவும் இல்லை. எழுத்தின்படி அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

தேவை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு கட்டம் வையுங்கள். நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது அதுதான், வெட்ட விடாதீர்கள். மேல்மட்டத் தேவை மென்பொருள் தேவையாகவும் மின்சுற்றுத் தேவையாகவும் பிரிந்து இறங்கும்போது எண்கள் கூடவே வரும், காரணம் வழியில் விழுந்துவிடும். சோதனையை வடிவமைப்பவருக்கு எண்ணைவிடக் காரணமே அதிகம் உதவும்.

மாற்றத்துக்குப் பிறகு மறுபடி சோதிக்காமல் விடுவது

அதே லேண்டரில்தான் இதற்கும் பாடம். தரையில் கால்களை விரித்துப் பார்த்த சோதனையில் அந்தப் பொய்ச் சமிக்ஞை தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. உணரிகளின் ஒயர்கள் தவறாக இணைக்கப்பட்டிருந்தன. தவறு பிறகு கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆனால் திருத்திய பிறகு, தரையைத் தொடும் சோதனையை மட்டும் மறுபடி செய்தார்கள். கால் விரியும் சோதனையைச் செய்யவில்லை.

ஒரு தேர்ச்சி, அது எந்தப் பதிப்பில், எந்த ஒயரிங்கில், எந்தத் தேதியில் கிடைத்தது என்பதோடு சேர்ந்தே இருக்க வேண்டும். வடிவமைப்பில் ஏதாவது மாறினால் அதைத் தொடும் தேவைகளின் நிறம் தானாக மஞ்சளாக வேண்டும். அதைப் பச்சைக்குத் திருப்ப ஒருவர் உட்கார்ந்து, இந்தச் சோதனை மறுபடி வேண்டும் அல்லது இன்ன காரணத்தால் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் அவசியமில்லை. இருநூறு தேவைகள்வரை சாதாரண விரிதாளில் நானே பார்த்திருக்கிறேன். ஒழுங்கு இல்லாத இடத்தில் எந்த மென்பொருளும் கைகொடுக்காது.

இன்னும் சில தவறுகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். 'வேகமாக', 'எளிதாக', 'போதுமான அளவு' என்று எழுதிய தேவையை யாராலும் சோதிக்க முடியாது. தேவையை எழுதும் அன்றே அதை எப்படிச் சோதிப்போம் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் தேவை இன்னும் முற்றவில்லை. வேலிடேஷன் முழுவதையும் வெளியீட்டுக்கு முந்தைய மாதத்துக்குத் தள்ளாதீர்கள். அந்த மாதத்தில் கண்டுபிடிக்கும் குறையைத் திருத்த யாருக்கும் மனம் வராது. அட்டை மாதிரியைக் கையில் கொடுத்தாவது பயனரிடம் முன்பே போங்கள்.

'92 விழுக்காடு முடிந்தது' என்று மேலாளருக்கு அனுப்பும் அறிக்கையை நான் நிறுத்திவிட்டேன். மீதமுள்ள எட்டில்தான் எப்போதும் கடினமானவை இருக்கும்: எச்சரிக்கை ஒலி, மின்தடையின்போது பேட்டரி, குழாயில் காற்றுக் குமிழி. இப்போது எண்ணிக்கையை அனுப்புவதில்லை. நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடிய தேவைகளில் எவை எவை திறந்திருக்கின்றன என்று பெயர் சொல்லி அனுப்புகிறேன். கூட்டங்கள் நீளமாகிவிட்டன. பரவாயில்லை.

கையுறை வரி எங்கள் பட்டியலில் இப்போது இரண்டு வரிகளாகியிருக்கிறது. உலர்ந்த கையுறை பச்சையாக இருக்கிறது. கிருமிநாசினி தடவிய ஐந்து நொடிக்குள் அழுத்தும் ஈரக் கையுறை, திரை மென்பொருளை மாற்றிய பிறகு இரண்டு வகைகளில் தேறியது. மூன்றாவது வகையில் தேறவில்லை. அந்த வரி இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி வார்டுக்குப் போகிறோம்.