கணவர் மறைவுக்குப் பின் கட்டுப்பாடான வீட்டிலிருந்து வெளியேறுதல்: எதை எப்போது செய்வது

ராமநாதபுரம் கடற்கரையில் தேவிபட்டினமோ கீழக்கரையோ பாம்பனோ, எந்தச் சமயத்து வீடானாலும் கணவரை இழந்த பெண்ணுக்குச் சொல்லப்படுவது ஏறத்தாழ ஒன்றுதான்: இங்கேயே இரு, இப்படி உடுத்து, இன்னாரோடு பேசாதே. அங்கிருந்து வெளியே வர முடிவெடுத்தவர்கள் முதலில் காகிதத்தைச் சேருங்கள், அடுத்து பணம், கடைசியில்தான் பேச்சு. "எனக்கு இந்த நம்பிக்கை இல்லை" என்று கோபத்தில் வாய்விட்டால் அன்றைக்கே பீரோ சாவி கைமாறிவிடும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். இத்தா, அதாவது கணவர் இறந்தபின் இஸ்லாமியப் பெண் வீட்டோடு இருக்கும் காலம், நான்கு மாதம் பத்து நாள். கருமாதி முடியும்வரை படி தாண்டக் கூடாது என்னும் வீடுகளும் உண்டு. காலக்கெடு இதற்கெல்லாம் காத்திராது. ஆகவே நம்பிக்கையான ஒருவரை, அம்மா வீட்டு ஆளாக இருந்தால் நல்லது, அலுவலகங்களுக்கு அனுப்புங்கள். கணவரின் பாஸ்புக்கில் மே, ஜூன் மாதப் பதிவுகளைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஜீவன் ஜோதி காப்பீடு. 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. முதலாவதில் இறப்புக்கும் இரண்டாவதில் விபத்து இறப்புக்கும் 2 லட்ச ரூபாய். அந்த வங்கிக் கிளையிலேயே 30 நாளுக்குள் மனு கொடுத்துவிடுவது நல்லது. கடலில் தவறி இறந்திருந்தால் முதல் தகவல் அறிக்கை, உடற்கூறு அறிக்கை நகல்களும் வேண்டும்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் தருவார். அதில் உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று எழுத்துக் கூட்டிப் படியுங்கள். துக்க வீட்டில் வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். "சும்மா ஒரு கையெழுத்து" பல வீடுகளில் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. கணவரின் சொத்தில் உங்கள் பங்கு அவர் இறந்த நொடியே உண்டாகிவிடுகிறது. பிறகு வீட்டை விட்டுப் போனாலும், மறுமணம் செய்தாலும், மதத்தைக் கைவிட்டாலும் அந்தப் பங்கு போகாது. இந்துவானால், உயில் எழுதாத கணவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, பிள்ளைகள், கணவரின் தாய் எல்லோருக்கும் சம பங்கு. கிறிஸ்தவரானால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு மூன்றில் ஒன்று. இஸ்லாமியரானால் எட்டில் ஒன்று, பிள்ளை இல்லையென்றால் நான்கில் ஒன்று. மகர், அதாவது நிக்காஹில் மணமகன் மனைவிக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை, தராமல் இருந்தால் கடனாகக் கருதப்படும், பங்கு பிரிக்கும் முன்னே அதைக் கொடுக்க வேண்டும்.

ஆதாரோடு இணைந்திருப்பது யாருடைய போன் எண்? கொழுந்தனுடைய எண்ணாக இருந்தால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும். ஆதார் மையத்தில் நேரில் போய் விரல் வைத்தால் எண்ணை மாற்றலாம். ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த எண்ணிலேயே தனியாக ஒரு வங்கிக் கணக்கும் தொடங்குங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, நகை ரசீது, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வெளியில் ஒருவரிடம் வையுங்கள். அசல்களை ஒரே நாளில் அள்ளினால் கண்ணில் படும்; ஒவ்வொன்றாகக் கொண்டுபோங்கள். கடற்காற்றின் ஈரத்தில் தாள் ஒட்டிக்கொள்ளும், அதனால் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

கிளம்பும் அன்று பலரும் விட்டுவிடுவது ஒரு கடிதம். நீங்கள் போன சில மணி நேரத்தில் "காணவில்லை" என்று புகார் போகும், யாரோ கடத்திவிட்டதாகவும் எழுதுவார்கள். அதற்கு முன்னால் நீங்களே எழுதிவிடுங்கள்: "எனக்கு 18 வயது நிரம்பிவிட்டது. என் சுய விருப்பத்தில் பிள்ளைகளுடன் வெளியேறுகிறேன். என்னை யாரும் கடத்தவில்லை. என் இருப்பிடத்தைக் குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டாம்." தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகல் இணைத்து, உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கும் ராமநாதபுரம் எஸ்.பி. அலுவலகத்துக்கும் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

மனநிலை சரியில்லை என்று சொல்லி அடைத்துவைக்கப் பார்ப்பதும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை இந்தக் கடற்கரை மறக்கவில்லை. 2017 மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. அடைத்துவைத்தாலோ அடித்தாலோ பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள், இரவும் பகலும் எடுப்பார்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும். அதற்கு எண் 15100.

பிள்ளைகளை "நாலு நாள் கழித்துக் கூட்டிக்கொள்ளலாம்" என்று விட்டுப் போகாதீர்கள். அந்த நாலு நாள் நாலு மாதமாகும், அப்புறம் நீதிமன்றத்தில் "பழகிய இடம்" என்பார்கள். காவல் உரிமை மதத்துக்கு மதம் மாறும் என்பதால் கிளம்பும் முன்பே வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டி.சி. தாமதமானால் கவலை வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை அதைக் காரணம் காட்டிப் புதிய அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.

வாடகை வீட்டு அட்வான்ஸ் போக மூன்று மாதச் செலவுக்குப் பணம் வேண்டும். மீன் கம்பெனி வேலையை நம்பிப் போவதானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தைக் கணக்கில் வையுங்கள். அப்போது வேலை மெலிந்துவிடும். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். கோட்டாட்சியரிடம் ஆதரவற்ற விதவைச் சான்றும் வாங்கிவிடுங்கள், அரசுப் பணித் தேர்வில் பெண்களுக்கான இடங்களில் 10 விழுக்காடு அவர்களுக்கென்று உண்டு. பழைய ரேஷன் அட்டையில் பெயர் நீக்கினால்தான் புது அட்டை கிடைக்கும்.

முதல் ஓராண்டு நகையை விற்காதீர்கள். அவசரமானால் வங்கியில் உங்கள் பெயரிலேயே அடகு வையுங்கள். கடவுள் வேண்டுமா வேண்டாமா என்பதையும் அந்த ஆண்டில் முடிவுகட்ட வேண்டியதில்லை. விடியலில் பாங்கோ கோயில் மணியோ கேட்டதும் உடம்பு தானாக எழுந்துவிடும், அழுகையும் அப்போதுதான் முட்டும். அந்த நேரத்துக்கென்று ஒரு கைவேலையை ஒதுக்கிவையுங்கள்: மாவு கரைப்பது, பிள்ளையின் சீருடையைத் தேய்ப்பது. அதுவும் முடியாத நாளில் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.