இரவில் ரீஃபர் யார்டு, பகலில் டிப்ளமோ: கப்பல் மின் அதிகாரியாக நான் போன வழி

முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். புத்தகம், கட்டணம் எல்லாம் பிறகு. கப்பல் பணியாளர்களைப் பரிசோதிக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் போய் நிறப்பார்வை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் நான்கு வருடம் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்தார். கடைசியில் அந்தப் புள்ளிப் படத்தில் எண் தெரியாமல் நின்றார். கப்பலில் மின் வேலைக்கு அது கட்டாயம்.

நான் திருவொற்றியூர் டோல்கேட்டில் வளர்ந்தவன். இப்போது சரக்குக் கப்பலில் இ.டி.ஓ., அதாவது மின் தொழில்நுட்ப அதிகாரி. டிப்ளமோ படித்த மூன்று வருடமும் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவு வேலை. ரீஃபர் எனப்படும் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் குறித்து, பழுது வந்தால் பார்ப்பது. உறைந்த இறால் என்றால் மைனஸ் 18 டிகிரி; ஏறினால் மேலாளர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து திட்டுவார்.

ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம் கிடைக்கும். அதில் பாடப் புத்தகத்தை விரித்து, முதல் வருடம் முழுக்கத் தூங்கினேன். அம்மா கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறக்காமலே காலையில் திருப்பிக் கொண்டுபோன நாட்கள் உண்டு. பிறகு ஒரு வழி கண்டேன். 200 பக்க நோட்டு ஒன்று. இடப்பக்கம் அன்றிரவு வந்த பழுது, வலப்பக்கம் அதற்குப் பின்னால் இருக்கும் பாடம். பழுதை அங்கேயே எழுதிவிடுவேன். பாடத்தை மறுநாள் வகுப்பில் கேட்டோ நூலகத்தில் பார்த்தோ நிரப்புவேன். வலப்பக்கம் காலியாக இருந்தால் கண்ணை உறுத்தும். அந்த உறுத்தல்தான் என்னைப் படிக்க வைத்தது.

ஓர் உதாரணம். யார்டில் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதே பெட்டி கப்பலுக்குப் போனால் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நான்கு துருவ மோட்டாரின் ஒத்திசைவு வேகம் இங்கே நிமிடத்துக்கு 1,500 சுற்று, அங்கே 1,800. 120ஐ அதிர்வெண்ணால் பெருக்கித் துருவ எண்ணிக்கையால் வகுக்கும் சூத்திரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் மறந்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெட்டியின் விசிறிச் சத்தத்தோடு சேர்ந்து நினைவிருக்கிறது.

டிப்ளமோவின் கடைசி வருடத்திலேயே காகித வேலையைத் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டையும், இந்தியக் கப்பல் பணியாளர்களுக்கான பதிவு எண்ணான இண்டோஸ் எண்ணையும் முதலில் வாங்குங்கள். பிறகு தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவி போன்ற அடிப்படைப் பயிற்சிகள், கப்பல் பணியாளரின் அடையாளப் புத்தகமான சி.டி.சி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 விழுக்காடு வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அடுத்து இ.டி.ஓ. பயிற்சி, ஏறத்தாழ நான்கு மாதம். வேலையையும் படிப்பையும் சேர்த்து ஓட்ட முடியாத ஒரே கட்டம் இதுதான். அந்த நான்கு மாத வீட்டுச் செலவை முன்பே தனியாக எடுத்துவைத்துவிட்டு யார்டு வேலையை விட்டேன்.

கப்பல் பணியாளர்களின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச உடன்படிக்கை எஸ்.டி.சி.டபிள்யூ.; அதன் விதியில் இ.டி.ஓ. பதவி சேர்ந்தது 2010 மணிலா திருத்தத்தில். பயிற்சித் திட்டத்தின் வழியே வருபவர்களுக்குப் பட்டறைப் பயிற்சியும் கடல் அனுபவமும் சேர்த்துக் குறைந்தது 12 மாதம், அதில் 6 மாதமாவது கடலில் என்பது அந்த விதி. பயிற்சிப் பதிவேட்டை அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தலைமைப் பொறியாளர் இறங்கிப் போன பிறகு அவரை எங்கே தேடுவீர்கள்?

கப்பலில் ஒரு நாளைக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு விதிப்படி உண்டு. அதை வெட்டிப் படிக்க வேண்டாம். இரவு உணவுக்குப் பின் முக்கால் மணி நேரம், ஒரே ஒரு மின்வரைபடம், அவ்வளவுதான். கப்பலின் வரைபடத்தைவிட நல்ல பாடப் புத்தகம் எனக்குக் கிடைத்ததில்லை.

இ.டி.ஓ. சான்றிதழுக்கான என் முதல் வாய்மொழித் தேர்வில் தோற்றேன். யார்டில் மின்கசிவு என்றால் உடனே டிரிப் ஆகும். கப்பலில் 440 வோல்ட் அமைப்பின் நியூட்ரலைப் பெரும்பாலும் பூமியோடு இணைப்பதில்லை. ஒரு கசிவு வந்தால் எச்சரிக்கை மட்டும் வரும், இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு ஃபேஸிலும் கசிந்தால்தான் ஷார்ட் சர்க்யூட். எந்த ஃபேஸில் கசிவு என்பதை மூன்று விளக்குகள் காட்டும்; கசியும் ஃபேஸின் விளக்கு மங்கும். இது எனக்குத் தெரியும். “மூன்று விளக்குகளில் ஒன்று மங்கினால் என்ன செய்வாய்?” என்று கேட்டார்கள். பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பேன் என்றேன். “ஸ்டீயரிங் கியரையுமா?” அது கப்பலைத் திருப்பும் இயந்திரம். வாயடைத்துப் போனேன். தலைமைப் பொறியாளரிடமும், கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜிலும் சொல்லிவிட்டு, முக்கியமில்லாத மின்சுற்றுகளிலிருந்து தொடங்க வேண்டும். சமையலறை ஹாட் பிளேட்டோ மழையில் நனைந்த டெக் விளக்கோதான் பல நேரம் குற்றவாளி. அன்று மாலை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கேள்வியை நோட்டின் இடப்பக்கத்தில் எழுதினேன். எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.

வேலை தேடும்போது கப்பலுக்கு ஆள் எடுப்பதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்ற நிறுவனமா என்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பட்டியலில் பாருங்கள். வேலை வாங்கித் தருவதற்குக் கப்பல் பணியாளரிடம் பணம் வாங்கக்கூடாது என்பது 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா அதை 2015இல் ஏற்றது. பாரிமுனை டீக்கடையில் உட்கார்ந்து ‘மூன்று லட்சம், அடுத்த வாரம் கப்பல்’ என்று யாராவது சொன்னால், உங்கள் டீக்கான காசை மட்டும் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.