ஊருக்குப் போகிறவர்கள் குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள்

‘சிங்கப்பூர்த் தண்ணீர் குடித்துப் பழகிய வயிறு, ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது’ என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. கோளாறு தண்ணீரில் இருக்கும்போது வயிற்றைக் குறை சொல்லி என்ன பயன்? டிசம்பர் விடுமுறையில் போனபோது மகளுக்கு வயிற்றுப்போக்கு முற்றி, டிரிப் ஏற்றும்படி ஆகிவிட்டது. அம்மாவுக்கும் மழைக்காலத்தில் அடிக்கடி இப்படித்தானாம். போனில் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் கேன் தண்ணீர் குடித்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறோம், அம்மா அந்தக் குழாயோடுதான் இருக்கிறார்.

பரிசோதிக்கலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வார்டு வழியாக மனு வரவேண்டும் என்றார்கள். மனுவோடு போனது வெள்ளிக்கிழமை. கிருமியை வளர்த்துப் பார்க்க ஓரிரு நாள் ஆகும், சனி ஞாயிறு ஆள் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்களன்று பாட்டில் தீர்ந்துவிட்டதாம். “மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து வாங்க சார், போதும்.”

போதாது. கிருமிநீக்கம் செய்த பாட்டில்தான் வேண்டும், அதில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்டும் இருக்கவேண்டும். இல்லையென்றால் தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின் வழியிலேயே கிருமிகளைக் கொன்றுவிடும், ரிப்போர்ட் சுத்தம் என்று வந்துவிடும். அந்தக் காகிதத்தை நம்பித்தானே தெருவே குடிக்கும்!

பெரியப்பாவுக்கு வேறு யோசனை. “ரிப்போர்ட் எதுக்குத் தம்பி, ஆர்.ஓ. மெஷின் வாங்கிக் கொடுத்துட்டுப் போயேன்.” வாங்கிக் கொடுத்தேன். ஆனால் விட்டுவிட்டு வரும் தண்ணீரில், குழாய் காலியாகும் நேரத்தில் விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. லைனிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். எதிர்வீட்டுப் பிள்ளைகளை எந்த மெஷின் காப்பாற்றும்?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக்கூடங்கள் உண்டு. முதலில் போனில் கேட்டுவிட்டு, வாரத் தொடக்கத்தில் காலையிலேயே போங்கள். குழாய் வாயைச் சுத்தம் செய்து, சில நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலின் உள்பக்கம் கைபடாமல் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்தில் சேர்த்துவிடுங்கள், 24 மணி நேரம் தாண்டவே கூடாது. 100 மில்லியில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதுதான் இந்தியத் தரம். இருந்தால் ரிப்போர்ட்டின் நகலோடு தெருக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு மனுக் கொடுங்கள்.

முடிவு வரும்வரை தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடமாவது விட்டு இறக்குங்கள். அதை உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக எடுத்துவைக்காமல், வீட்டில் எல்லோருக்கும் கொடுங்கள்.